ஒரு நாளைக்கு ஒரு படம் எடுத்த மங்கை

முகத்துவாரக்குப்பத்தில் மங்கையைத் தெரியாதவர்கள் இல்லை. அவளுடைய கட்டைவிரலை அதைவிட நன்றாகத் தெரியும். அவள் போனில் எந்தப் படம் எடுத்தாலும், ஒரு மூலையில் அந்த விரல் அழையா விருந்தாளியாக வந்து நின்றுவிடும்.

மீன் விற்கிற மங்கைக்குப் படம் எடுக்கும் ஆசை வந்ததற்குக் காரணம் அவள் கணவன் செல்வம். காசிமேட்டிலிருந்து லாஞ்சில் கடலுக்குப் போனால் அவன் திரும்ப வாரம் பத்து நாள் ஆகும். வந்ததும் காற்று அடித்தது, வலை கிழிந்தது, சுறா எட்டிப் பார்த்தது என்று கடல் கதையெல்லாம் சொல்லி முடிப்பான். பிறகு, போனால் போகிறது என்று, "இங்க இன்னா விசேஷம்?" என்பான். அவள் வாயைத் திறப்பதற்குள், "கரையில இன்னா பெரிசா நடக்கப்போவுது" என்று பதிலையும் அவனே சொல்லிவிட்டுத் தூங்கிப்போவான். பல வருடம் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

மகள் ரேகா கல்யாணமாகி மாதவரம் போனபோது தன் பழைய போனை அம்மாவிடம் விட்டுப்போனாள். அடுத்த முறை செல்வம் லாஞ்சு ஏறிய அன்றே மங்கை முதல் படத்தை எடுத்தாள். நாளைக்கு ஒரு படம்தான். முதல் நாள், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நின்றுபோன கன்டெய்னர் லாரிகள். அதில் ஒரு டிரைவர் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மறுநாள், காலடிப்பேட்டையில் அவள் பக்கத்தில் கடை போடும் தாயம்மா உட்கார்ந்தபடியே தூங்க, எதிரே ஒரு பூனை நெத்திலிக் கூறுகளை மிகவும் அக்கறையாகப் பரிசீலித்தது.

திரும்பி வந்த செல்வம் படுத்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தான். பூனை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"இது இன்னாமே மூலையில, வஞ்சிரத் தலையா?"

"என் வெரலுய்யா."

அன்றைக்கு அவன் சீக்கிரம் தூங்கவில்லை. அந்த டிரைவர் எந்த ஊர், குழம்புக்கு என்ன செய்தார், பூனை கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதத்துக்கு லாஞ்சுகள் எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். செல்வம் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தான். கணவன் வீட்டில் இருக்கும்போது படத்துக்கு என்ன வேலை, மங்கை நிறுத்திவிடுவாள் என்று அவன் மட்டுமல்ல, குப்பமே நினைத்தது. அவளோ இன்னும் தூரம் போக ஆரம்பித்தாள். தடை இல்லாத சின்ன ஃபைபர் போட்டுகளில் வரும் மீனை மத்தியானத்துக்குள் விற்றுவிட்டு, அன்னக்கூடையைத் தாயம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஒரு நாள் பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டிகளைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கப் போனாள். இன்னொரு நாள் பழவேற்காடு. ரயிலில் கண் அயர்ந்து திருவள்ளூர் வரை போய்விட்டு, அதற்காகவே கிளம்பியவள் போலப் படத்தோடு திரும்பிய நாளும் உண்டு.

செல்வம் சோறு வடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. வலை கட்டும் இடத்தில் அவனுடைய லாஞ்சு டிரைவர் பிராங்கிளின் விடமாட்டார். "இன்னா மாமு, வூட்டுக்காரம்மா இன்னைக்கு எந்தக் கடல்ல கீறாங்க?" என்பார். செல்வம் வலையில் இல்லாத கிழிசலைத் தேடுவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் அந்தப் படத்தைப் பார்த்தான். அதில் மங்கையே நின்றிருந்தாள், அதுவும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. அவர்கள் கல்யாணப் படத்தில் அவள் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பவள் போல இருப்பாள். இப்படியும் அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்று வேறு யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். படம் கொஞ்சமும் கோணல் இல்லை. நான்கு மூலையிலும் விரல் இல்லை. எடுத்தது யார்?

அவன் கேட்கவில்லை. அன்று இரவு உப்பில்லாத குழம்பை உப்புகூடக் கேட்காமல் சாப்பிட்டான். அந்தப் படம்தான் காரணம் என்று அப்போதே மங்கைக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் அவன் பிராங்கிளினிடம், கை நடுங்காமல் படம் எடுக்கிற ஆள் என்ன வேலை செய்பவனாக இருப்பான் என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டான். டாக்டராக இருக்கலாம், போலீசாகவும் இருக்கலாம் என்று அவர் யோசித்துச் சொன்னதில் அவனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் போயிற்று.

கடைசியில் மங்கையிடமே சுற்றி வளைத்து வந்தான். அந்தப் படம் எடுத்த இடத்தில் காற்று நன்றாக வருமா என்றான். வரும் என்றாள். ஆட்கள் எப்படி என்றான். தங்கமான ஆட்கள் என்றாள். எத்தனையோ நாள் கடலைப் பார்த்துக் காத்துக் கிடந்தவள், இவனும் இரண்டு நாள் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை.

"மூஞ்ச தொங்கவுட்டுகினு குந்தாத. சட்டைய மாட்டு, இட்டுகினு போறேன்."

போன இடம் காலடிப்பேட்டை மெட்ரோ நிலையம். புயலில் ஆடும் லாஞ்சில் கம்பத்தில் ஏறி விளக்கு கட்டுகிற செல்வம், எஸ்கலேட்டருக்கு முன்னால் நின்றுவிட்டான். ஒரு படி வந்து மறைந்தது, அடுத்தது வந்தது, எதில் கால் வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்தது. மங்கை அவன் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். கல்யாணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர்கள் கை கோர்த்தது அன்றுதான். மேலே போன பிறகும் அவன் விடவில்லை.

நடைமேடையில், பயணிகளை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லும் வேலையில் ஃபரா என்ற பெண் இருந்தாள். மங்கையைப் பார்த்ததும் ஓடி வந்தாள். மங்கை போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். அக்கா அடிக்கடி வந்து கடலையே பார்த்து நிற்பார், என்ன அக்கா என்று கேட்டதற்கு லாஞ்சைப் பற்றியும் தூங்கும் புருஷனைப் பற்றியும் சொல்லிச் சிரித்தார், அப்போது நான் எடுத்ததுதான் இந்தப் படம் என்றாள். செல்வத்துக்கு உயிர் வந்தது. கூடவே, எதைச் சொல்லிச் சிரித்தாள் என்ற புதுக் கவலையும் வந்தது.

கூரைகளைத் தாண்டித் தெரிந்த கடலை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இங்கேர்ந்து பாத்தா நம்ம லாஞ்சு தெரியாதே."

"தெரிஞ்சாதான் பாக்கணுமா?"

அவன் கடலை விட்டு அவள் பக்கம் திரும்பினான். இப்போதுதான் நான் கரையிலேயே இருக்கிறேனே, யாருக்காகப் படம் எடுக்கிறாய் என்று கேட்டான்.

"உனுக்குன்னுதான்யா ஆரம்பிச்சேன். அப்பால எனுக்கே புட்சிப்போச்சு."

செல்வம் போனை வாங்கினான். அவளை நிற்கவைத்து, பின்னால் போய், முன்னால் வந்து, மூச்சை அடக்கி ஒரு படம் எடுத்தான். அதில் மங்கையின் புடவைக் கரையும் செருப்பும் நிலையத்தின் தரையும் வெகு துல்லியமாக விழுந்திருந்தன. இடுப்புக்கு மேலே ஆள் இல்லை. ஃபரா நெடுநேரம் பார்த்துவிட்டு, செருப்பு நன்றாக இருக்கிறது என்றாள். அன்றைய படமாக அதையே வைத்துக்கொண்டாள் மங்கை.

ஜூனில் லாஞ்சுகள் கடலில் இறங்கின. செல்வம் தன் போனையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போனான். திரும்பி வந்தவன் பெருமையாகக் காட்டிய படங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர்தான் இருந்தது. ஒரே தண்ணீராக இருக்கிறதே என்று மங்கை சொன்னதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இது காற்று திரும்புவதற்கு முன்னால், இது திரும்பிய பிறகு, இந்தத் தண்ணீரில்தான் பாரை மீன் விழுந்தது என்று ஒவ்வொன்றாக விளக்கினான். அவள் திரும்பத் திரும்பக் கேட்டு, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தாள்.

ஒன்றே ஒன்று தண்ணீர் இல்லாமல் இருந்தது. விடியற்காலை, வானம் முழுக்க ஆரஞ்சு நிறம், அதற்கு நடுவே பிராங்கிளின் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் நுரையாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தார். மங்கைக்கு அது பிடித்துப்போய், தாயம்மாவிடம் காட்டினாள். தாயம்மாவிடம் காட்டினால் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்கே காட்டியதுபோல. இப்போதெல்லாம் பிராங்கிளின் லாஞ்சில் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால், செல்வம் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்துக்கொள்கிறாராம்.