லெட்சுமியின் விரல் நுனிகள்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் லெட்சுமிக்கு நாற்பத்தெட்டு வயது. நிலவில் கல் பொறுக்குவதற்கான இடுக்கி ஒன்றின் கைப்பிடியை ஆயிரத்து இருநூறு முறை அழுத்திப் பார்த்தவள் அவள் என்பது தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் தெரியாது.

விண்வெளிக் கருவிப் போட்டி ஒன்றுக்காக அந்த இடுக்கியைச் செய்தது அவள் மகள் ஜெயந்தினியின் பொறியியல் மாணவர் குழு. விண்வெளி வீரரின் தடித்த கையுறைக்குள் விரல்கள் சீக்கிரம் களைத்துவிடும். களைப்புத் தராத கைப்பிடி வேண்டும். நாள் முழுக்க விரலால் வேலை செய்பவரிடமே சோதிக்கலாம் என்றாள் ஜெயந்தினி. விடுமுறையில் வந்து, அம்மாவுக்கு இரண்டு றப்பர் கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அழுத்தச் சொன்னாள். கேட்கும்போதெல்லாம் வலிக்கவில்லை என்றாள் லெட்சுமி. அது சோதனைப் படிவத்தில் ஏறியது. அந்தப் பதில்களை வைத்து அளவெடுத்துச் செய்த கைப்பிடி போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது.

சுற்றுக்கு எட்டு நாள் இருக்கையில், குழுத்தலைவன் அஸ்ஹர், நிலவில்போல் உடல் எடை குறையும் என்பதால், அதை நீச்சல் குளத்தில் சோதித்தான். பத்து நிமிடத்தில் விரல்களில் கொப்புளங்கள் எழுந்தன. குழுவில் மற்ற மூவருக்கும் அப்படியே. படிக்கிற பிள்ளைகளின் கை மென்மையானது என்று ஜெயந்தினி வாதாடினாள். ஆனாலும் சனிக்கிழமை கைப்பிடியோடு வீட்டுக்கு வந்தாள்.

இம்முறை லெட்சுமி கையுறையின்றி அழுத்தினாள். அறுபதைத் தாண்டும்போது கைப்பிடியில் இரத்தம் வழிந்தது. அவள் அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசியபடியே அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஜெயந்தினி கைப்பிடியை வாங்கி வைத்தாள். "கண்ண மூடுங்கம்மா. எந்த வெரல தொடுறேன்னு சொல்லுங்க." கொண்டை ஊசியை ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து அழுத்தினாள்.

"நீ இன்னும் தொடவே இல்லியேடி."

ஊசி தோலில் குழி விழுத்தியிருந்தது. அடுத்த விரலுக்கும் அதே பதில். ஜெயந்தினி ஊசியைக் கீழே வைத்தாள்.

நாலைந்து வருடமாக இப்படித்தான் என்றாள் லெட்சுமி. "வலிக்குதான்னு கேட்ட, வலிக்கலன்னேன். பொய்யா சொன்னேன்?"

பொய்யில்லை. வலி இல்லாததும் வலி தெரியாததும் அந்தப் படிவத்தில் ஒரே கட்டத்தில் விழுந்திருந்தன. இரண்டில் எது என்று கேட்க, அந்தக் கையால் சோறு வாங்கி உண்டு வளர்ந்தவளுக்கே தோன்றவில்லை.

ஜெயந்தினி அஸ்ஹரைத் தொலைபேசியில் அழைத்து, போட்டியிலிருந்து விலகச் சொன்னாள். காரணம் என்ன எழுதுவது என்று அவன் கேட்டது லெட்சுமிக்கும் கேட்டது.

"என் வெரல எழுதாத," என்றாள் லெட்சுமி மெதுவாக. "தோட்டத்துல தெரிஞ்சா பேர வெட்டி வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க."

ஜெயந்தினி கைப்பிடியில் இருந்த இரத்தத்தைத் துடைத்தாள்.

"அளந்தது நான்," என்றாள் பிறகு அஸ்ஹரிடம். "என் பிழைன்னே எழுது."