செருப்பு ரப்பர் ஒட்டிய டிரம்ஸ்

இந்த ஊரில் நான் டிரம்ஸ் வாசித்தால் எனக்கு மட்டும்தான் கேட்கும். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உயிரைக் கொடுத்து அடிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ மேசையில் குச்சி தட்டுகிற சத்தம்தான். ஓட்டல் பேண்ட் ஒன்று கழித்துப் போட்ட மின்சார டிரம்ஸ் அது. ஆறு மூலை கொண்ட ஐந்து தட்டுகள், ஒவ்வொன்றும் கருங்கல். தோலில் அடித்தால் குச்சி துள்ளி எழும். இதில் அடித்தால் அடி முழுக்க மணிக்கட்டுக்கே திரும்பி வரும். இரண்டு மாதத்தில் மணிக்கட்டு வீங்கி, கப்பல் பட்டறையில் வெல்டிங் பிடிக்கவும் முடியவில்லை. "மெதுவாக அடியுங்கள், சத்தத்தை மின்சாரம் பார்த்துக்கொள்ளும்" என்றார் சீன டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் எங்கள் மெல்லிசைக் குழுவில் இருந்த மைக் எல்லாம் பாடகர்களுக்கே போய்விடும். திருவிழாக் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் டிரம்ஸ் கேட்க வேண்டுமென்றால் கைதான் கத்த வேண்டும். அந்தக் கை இவர் சொல்லுக்கு எப்படி அடங்கும்?

தட்டுக்கு மேலே ரப்பர் ஒட்டினால் அடி மெத்தென்று இறங்கும் என்று தோன்றியது. அதற்கென்று விற்கிற ரப்பர் என் சம்பளத்துக்கு எட்டாது. செருப்புக் கடைக்குப் போனேன்.

"என்ன அளவு?" என்றார் கடைக்கார அம்மா.

"ஆகப் பெரியது. ஐந்து ஜோடி."

"வீட்டில் எல்லோருக்கும் ஒரே காலா?"

"காலுக்கு இல்லை."

அவர் என் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, பாவம் என்று விலையைக் குறைத்தார்.

செருப்புகளின் அடிப்பாகத்தைப் பிளேடால் பாதிக் கனத்துக்குச் சீவினேன். கனமாக இருந்தால் மெல்லிய அடியைத் தட்டுக்குள் இருக்கும் கருவி வாங்காது. சைக்கிள் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷனில் ஒட்டினேன். குச்சி துள்ளியது. வீக்கம் வடிந்தது. அன்றைக்கு நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த வருடப் பங்குனிக்கு, எங்கள் குழுவை நடத்தும் பாண்டி, அவனியாபுரம் அம்மன் கோயில் கச்சேரிக்கு அந்த டிரம்ஸோடு வரச் சொன்னான். சுமந்துகொண்டு போனேன். மேடையில் மாட்டும்போது ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்தவனுக்கு, செருப்பு வார் நுழையும் ஓட்டை கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன மாப்ள இது, செருப்பா?"

"புதுசுடா. ஒரு காலும் படல."

"செருப்பு செருப்புதான். அம்மன் பாட்டுல ஆரம்பிக்கிறோம். வாத்தியத்தத் தொட்டுக் கும்பிட்டுத்தான குச்சியவே எடுப்போம்? இதத் தொட்டுக் கண்ணுல ஒத்துவியா?"

"பழைய டிரம்ஸ்ல மாட்டுத்தோலு கட்டித்தானடா அடிச்சோம்? அதுவும் செருப்புத் தோலுதான். அப்ப எங்க போச்சு உன் சாமி?"

"அது வேற மாப்ள."

"என்னடா வேற? என் கை வீங்கிப் போயிரும்டா!"

"இதப் பிச்சுட்டு அடி மாப்ள. இன்னிக்கு ஒரு பொழுது பொறுத்துக்க."

கோயில் கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். "வெளிநாடு போனா இம்புட்டுத் திமிரு வந்துருது" என்றார் ஒருவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரையும் தொடவிடாமல் ரப்பரை நானே பிய்த்தேன். வெறும் தட்டில் அத்தனை கோபத்தையும் இறக்கினேன். ஜனம் விசிலடித்தது. கச்சேரி முடிந்தபோது விரல் மடங்கவில்லை.

மறுநாள் காலை பாண்டி நல்லெண்ணெய்யோடு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டை நீவிவிட்டான். "கோவிச்சுக்காத மாப்ள. அங்கிட்டுப் போயித் திரும்ப ஒட்டிக்க. அங்க யாரு பாக்கப் போறா?"

மேடையில் பட்ட அவமானத்தைவிட இதுதான் சுட்டது. அவன் சொன்னது உண்மை. இந்தச் சிங்கப்பூரில், மனைவியைத் தவிர, என்னைப் பார்க்க யாருமில்லை. எதை ஒட்டினாலும் எவனும் ஒரு கேள்வி கேட்கமாட்டான்.

திரும்பி வந்த அன்றே ஒட்ட உட்கார்ந்தேன். சொல்யூஷனைப் பூசி, ஈரம் போகக் கொஞ்சம் காத்திருந்து, சேர்த்து அழுத்த வேண்டும். பூசினேன். காத்திருந்தேன். வலது கையில் தட்டு, இடது கையில் ரப்பர். பாண்டியைக் கண்டபடி திட்டினேன், அந்த டாக்டரையும் சேர்த்து. ஒட்டினால், பார்க்க ஆளில்லாதவன் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று நெருங்கவில்லை. சொல்யூஷன் காய்ந்துபோயிற்று.