தேரன்று வந்த கேள்வி

போன வாரம் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ராமலட்சுமியின் கணவர் போன் செய்தார். “சார், அவ போயிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரங்குள்ள முடிஞ்சிருச்சு” என்றார். ராஜபாளையம் கல்லூரியில், ஒரே இயற்பியல் துறையில், பதினாறு ஆண்டுகள் என் எதிர்மேசையில் இருந்தவர். என்னைவிட ஏழு வயது இளையவர். அவருக்கு நான் அஞ்சலி எழுதுவது முறையே இல்லை.

எங்கள் சண்டைகள் உங்களில் பலருக்குத் தெரியும். பெரிய சண்டை, ஒற்றைக் காந்தமுனையைப் பற்றியது. வடக்கு மட்டும் அல்லது தெற்கு மட்டும் கொண்ட துகள். கணக்கில் உண்டு, கண்டவர் இல்லை. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் எழுந்திருக்கக்கூடிய களச்சுவர்களில், அதாவது ஆற்றல் செறிந்த மெல்லிய தடுப்புகளில், அது மோதினால் என்ன ஆகும்? அழிந்துவிடும் என்று இரண்டு வருடம் உழைத்து ஒரு கட்டுரை எழுதினேன். படித்துப் பார்க்க அவரிடமும் கொடுத்தேன்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய நாளில் ஆடிப்பூரத் தேர், விடுமுறை. காலையிலிருந்து அவர் போன் செய்துகொண்டே இருந்தார். குறை சொல்வார் என்று நான் எடுக்கவில்லை. ஊரெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க்கொண்டிருக்க, அங்கேயே குடியிருந்த அவர் கூட்டத்தைப் பிளந்து நடந்து, ஊருக்கு வெளியே பஸ் பிடித்து, மதியம் என் வீட்டுக்கு வந்து நின்றார்.

“அனுப்பிட்டீங்களா சார்?”

“இனிமேத்தான்.”

“நல்ல வேளை. அழிஞ்சிருச்சுன்னு எழுதிட்டீங்க. அதோட காந்த சார்ஜ் எங்க போச்சு? சார்ஜ் அழியாதுல்ல?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “குறை சொல்றதுக்குன்னே இம்புட்டு தூரம் வந்தீங்களா மேடம்?” என்று கத்தினேன்.

அவர் முகம் மாறவில்லை. “ஊரான் கண்டுபிடிச்சா உங்களுக்கு அசிங்கம். நான் சொன்னா நமக்குள்ள போயிரும். செத்த தண்ணி குடுங்க, தேர் நிலைக்கு வரங்குள்ள போறேன்.”

அன்று கட்டுரையை அனுப்பவில்லை. மூன்று வாரம் திரும்பக் கணக்கிட்டேன். துகள் கரைகிறது, ஆனால் அதன் சார்ஜ் அழியவில்லை. சுவர் முழுக்கப் பரவுகிறது. கட்டுரை வெளிவந்ததே அந்தத் திருத்தத்தால்தான். அவர் பெயரையும் சேர்க்கிறேன் என்றபோது சிரித்தார். “ஒரு கேள்வி கேட்டதுக்கெல்லாமா பேர் போடுவாங்க?” கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த கட்டுரை இப்போது மேசையில் இருக்கிறது. நேற்று அனுப்பப் போனவன், பழக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து அவர் கேட்பதுபோலவே கேட்டுக்கேட்டுப் படித்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு தவறு அகப்பட்டது.

நன்றி, மேடம். இன்னும் அனுப்பவில்லை.