வளர்மதியின் சம்மதம்

அரியலூர் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலில் வளர்மதி மாவாட்டினாள், காய் நறுக்கினாள், பாத்திரம் தேய்த்தாள். திருமானூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். வேலை முடிந்து கிளம்பும்போது மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் எடுத்துக்கொள்வாள். பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கு அங்கே உள்ள வழக்கம் அது. யாரும் தடுத்ததில்லை, கணக்குப் பார்த்ததுமில்லை.

வியாபாரம் படுத்தபோது முதலாளி வேல்முருகன் சம்பளத்தை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினார். பிறகு கடையை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. சமையல் மாஸ்டர் இளையபெருமாள் தனக்கும் வளர்மதிக்கும் சேர்த்துத் திருச்சியிலுள்ள தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். வழக்குள்ள கடையை வாங்க ஆள் தயங்கியதால், முதலாளி சமரசத்துக்கு இறங்கி வந்தார். பேச்சு முழுவதையும் மாஸ்டரே நடத்தினார். சமரசப் பத்திரத்தில் அவர் காட்டிய இடத்தில் வளர்மதி கையெழுத்துப் போட்டாள்.

நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யவில்லை. இருவரையும் நேரில் விசாரித்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். "ஜட்ஜம்மா கேப்பாங்க. சம்மதங்கன்னு சொல்லு, போதும். வேற கதை எடுக்காத. எடுத்தா நிறுத்த மாட்ட."

"நா எங்கண்ணே பேசுனேன்? கிரைண்டர் சத்தத்துக்கு மேல நீங்க கத்துனதுதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சு."

நீதிமன்றத்தில் நீதிபதி பத்திரத்தை ஒவ்வொரு வரியாக வாசித்து விளக்கினார். மாஸ்டருக்குச் சம்பளப் பாக்கி முழுவதும். வளர்மதிக்கு, வீட்டுக்குக் கொண்டுபோன உணவுக்குக் கழித்தது போக மீதி. அது பாக்கியில் பாதிகூட இல்லை.

"இது தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

வளர்மதி மாஸ்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியாதுங்கம்மா. அது மிஞ்சுன சோறு. நா எடுக்கலன்னா சாக்கடையில கொட்டுவாங்க. கூலின்னு சொல்லி யாரும் குடுக்கல."

"அப்போ சம்மதம் இல்லையா?"

"சம்பளத்துக்குச் சம்மதங்க. சோத்துக்குக் கழிக்கிறதுக்கு இல்லிங்க."

அந்த வரி இருக்கும்வரை ஏற்க முடியாது, பேசி முடித்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் வழக்கு நடக்கட்டும் என்றார் நீதிபதி.

வராந்தாவுக்கு வந்ததும் மாஸ்டர் பொரிந்தார். "கெடுத்துட்டியே புள்ள! எல்லாக் கடையிலயும் இப்படித்தான் கழிப்பாங்கன்னு மொதலாளி சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். இப்ப எம் பணமும் நிக்குது."

"ஒங்க சாப்பாட்டுக்குக் கழிச்சாங்களாண்ணே? மூணு வேளையும் கடையிலதான சாப்டீங்க, ஆம்லெட்டோட."

மாஸ்டர் அதற்குமேல் அவளை வற்புறுத்தவில்லை.

முதலாளி அருகில் வந்தார். "தூக்கு தூக்காக் கொண்டுபோனியே, ஒரு நா கேட்டுருப்பனா?"

"கேட்டுருந்தா அன்னிக்கே வச்சிட்டுப் போயிருப்பேன், மொதலாளி. தின்னு முடிச்சப்பறம் வெல சொல்றீங்களே."

அவருடைய வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைத் தனியே கூட்டிப்போனார். கடையை வாங்குபவர் எத்தனை நாள் காத்திருப்பார் என்று கேட்டார். முதலாளி பேனாவை வாங்கினார்.

சோற்றுக்குக் கழிக்கும் வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் மூவரும் கையெழுத்திட்டார்கள். நீதிபதி திருத்தத்தைப் பார்த்துவிட்டு, "இப்போ சம்மதமா?" என்றார்.

"மொதல்லேருந்து ஒருக்கா படிச்சிருங்கம்மா" என்றாள் வளர்மதி.

நீதிபதி முழுவதையும் மீண்டும் வாசித்தார். கடைசி வரிவரை கேட்டுவிட்டு, "சம்மதங்க" என்றாள்.