வேகன் ஹேமலதா

வீராம்பட்டினத்தில் போய் வெறுமனே ஹேமலதா வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வேகன் ஹேமலதா என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அந்தப் பட்டம் வந்தது ஒரு பெரிய கூத்து.

சைக்கிள் பந்தயத்தில் அவள் முதல் மெடல் வாங்கியதும் ஊரில் பேனர் வைத்தார்கள். “வீகன் வீராங்கனைன்னு போடுங்க” என்று அவளே போனில் சொன்னாள். பேனர் கடை இனியவனுக்குத் தமிழில் தப்பு வந்தால் சோறு இறங்காது. வீகனாவது, மண்ணாவது என்று தலையில் அடித்துக்கொண்டு ‘வேகன்’ என்று திருத்தி அடித்துவிட்டார். வேகமாகப் போகிறவள் வேகன்! ஊரும் ஒத்துக்கொண்டது.

ஹேமலதா ஆத்திரத்தோடு பேனரைக் கிழிக்கப் போனாள். அம்மா தனக்கொடி குறுக்கே நின்றாள்.

“விடுடி. அந்த மனுஷன் புண்ணியத்துல என் பொழப்பு தப்பிச்சுது.”

தனக்கொடி டவுன் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மகளோ பத்தொன்பது வயதில், கூடையில் கிடந்த கெளுத்தி ஒன்று தன்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியதாகச் சொல்லி மீனை விட்டாள். அப்புறம் கறி, முட்டை, பால், நெய். கடைசியில் தேனையும் விட்டபோது, “ஏண்டி, அதுவும் உன்னைப் பாத்துச்சா?” என்று தனக்கொடி கத்தினாள். உயிர்களிடமிருந்து வருகிற எதையும் தொடாதவர்களுக்குத்தான் வீகன் என்று பேராம். மீன்காரி மகளே மீன் தொடமாட்டாள் என்று தெரிந்தால் எவன் வாங்குவான்? அதனால் விஷயம் வீட்டோடு நின்றது. “எம்பொண்ணு கால்ல ஓடறது அத்தனையும் வஞ்சிரம்” என்று தனக்கொடி மார்க்கெட்டில் அளந்துவிடுவாள். வஞ்சிரமும் நன்றாகத்தான் விற்றது.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. வேர்க்கடலையும் கேழ்வரகுக் கூழுமாக ஹேமலதா இரவல் சைக்கிளில் பந்தயம் பந்தயமாகப் போய்வந்தாள். அப்போது வந்து சேர்ந்தார் தொமினிக், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். சைக்கிள் என்றால் உயிர். ஒரு சோயா பால் கம்பெனியைப் பிடித்து, சொந்த சைக்கிள், மாதச் சம்பளம் என்று ஒரு அணி ஆரம்பித்திருந்தார்.

“கனகசெட்டிக்குளம் ரேஸ்ல நீ முதல்ல வரணும். வந்ததும் மைக்குல ‘நான் வீகன்’னு நீயே சொல்லணும். ரெண்டுல ஒன்னு கொறைஞ்சாலும் கம்பெனிக்காரன் கையெழுத்துப் போடமாட்டான், மத்மொசேல்.”

சொந்த சைக்கிளா, அம்மா பிழைப்பா? அன்றிலிருந்து ஹேமலதாவுக்குத் தூக்கம் போயிற்று. பந்தயத்தன்று கடற்கரை ரோட்டில், பந்தயம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்திலேயே, மார்க்கெட்டில் பாதியைத் திரட்டிக்கொண்டு வந்து அம்மா உட்கார்ந்திருந்தாள்.

கனகசெட்டிக்குளத்தில் திரும்பிக் கடைசி நடை வரும்போது அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான். சரி, ரெண்டாவதாக வந்துவிடலாம், மைக் தொல்லை இல்லை, சைக்கிள் போனால் போகட்டும் என்று வேகத்தைக் குறைத்தாள். குறைத்த இடம் பிள்ளைச்சாவடி. ரோட்டோரம் நெத்திலிக் கருவாடு காய்கிறது. ஐயோ, அந்த வாசனை! ஏழு வருஷத்து வைராக்கியம் நாக்கில் எச்சிலாக ஊறியது. இறங்கி ஒரு கை அள்ளிவிடுவோமோ என்று பயந்து மிதித்தாள் பாருங்கள் ஒரு மிதி. வடக்கத்திக் காற்று வாசனையைக் கூடவே துரத்திவிட்டது. எந்த இடத்தில் அந்த ஒருத்தியைத் தாண்டினாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. நின்று மூச்சு வாங்கியபோது வாயருகே மைக் இருந்தது.

தொமினிக் கண்ணை உருட்டினார். எதிரே அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷப் பொய் ஹேமலதாவுக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

“நான் வேகன் இல்லீங்க, வீகன். மீன், பால் எதுவும் தொடமாட்டேன். எம்மா, மன்னிச்சுக்கோ.”

வாடிக்கைக்காரர் கோவிந்தசாமி மெல்லத் திரும்பினார். “ஏம்மா தனக்கொடி, வஞ்சிரம்னு சொன்னியே?”

தனக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள். அறை விழப்போகிறது என்று ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆமாய்யா, எம்பொண்ணு திங்கமாட்டா! மத்தவளுங்க நல்ல மீனை வீட்டுக்கு ஒதுக்கிட்டு மிச்சத்தை உங்களுக்கு விப்பாளுங்க. எனக்கு ஒதுக்கிவெக்க வீட்டுல ஆளே இல்ல. ஏழு வருஷமா நல்லதெல்லாம் உங்க சட்டிக்குத்தான் வருது. வேற எவ கூடையிலயாவது இப்படிக் கெடைக்குமா?”

கம்பெனிக்காரன் அங்கேயே கையெழுத்துப் போட்டான். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கூடை காலி. வீட்டுக்கு வந்த தனக்கொடி எலுமிச்சைத் தோலால் கையை மூன்று தரம் தேய்த்துக் கழுவிவிட்டு, மோர் ஊற்றாமல் கூழ் கரைத்து மகளிடம் நீட்டினாள்.

“கெளுத்தி பாத்துச்சு, கெளுத்தி பாத்துச்சுன்னியே. என்னையுந்தாண்டி தெனம் பாக்குதுங்க. நானும் பதிலுக்குப் பாத்துட்டிருந்தா உன்னை எப்படி வளக்கறது?”

ஹேமலதா அம்மா கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். என்ன தேய்த்தும் மீன் வாசனை போகவில்லை.