ஹாலில் உட்கார்ந்துதான் கொடுப்பேன்

என் இரண்டாவது குழந்தைக்கு நான் பால் கொடுத்தது பாதி பாசத்தில், பாதி வஞ்சத்தில். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

நான் திருப்பத்தூர்க்காரி. கல்யாணமாகி வந்தது பெங்களூர் அல்சூருக்கு. மாமனார் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒரு லேபில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிற வேலை. அதனால் உடம்பு சம்பந்தப்பட்ட எதற்கும் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் முதல் பையன் பிறந்தபோது அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அதனால் தாய்வீட்டுக்குப் போகவில்லை, புகுந்த வீட்டிலேயே இருந்தேன். பகலில் பையன் சமர்த்தாக இருப்பான். மூன்றாவது வாரத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனால் அழுகை ஆரம்பித்துவிடும். பத்து நிமிஷம் குடிப்பான், கண் சொக்கிப்போவான், கீழே போட்டால் வீல் என்று கத்துவான். மறுபடி குடிப்பான், மறுபடி கத்துவான். ஒன்பதரை வரை இதே கதை.

இப்படியே நான்காம் நாள் நாத்தனார் வந்து நின்று பார்த்தார்.

"பசி அடங்காமதான் கத்துது. ஒனக்குப் பால் பத்தல."

"இப்பதான் குடிச்சான் அண்ணி."

"நீ சொன்னா ஆச்சா? பீய்ச்சிக் காட்டு, அளந்துடலாம்."

லேபிலிருந்து கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொண்டுவந்திருந்தார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து பீய்ச்சினேன். குழந்தை அடுத்த அறையில் அழ, கோப்பையின் அடியில் கொஞ்சம் சேர்ந்தது. அதை அப்படியே ஹாலுக்கு எடுத்துப்போய் டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மாமனார், மாமியார், என் கணவர் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பாருங்க, பதினஞ்சு எம்எல். பூனக்குட்டிக்குக்கூட காணாது."

என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு பால்பவுடர் டின் வாங்க ஓடினார். பையன் பாட்டிலைக் காலி செய்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினான். "பாத்தியா?" என்றார் நாத்தனார். அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் டின், பிறகு காலையிலும் டின். இரண்டு மாதத்தில் எனக்குப் பால் சுத்தமாக வற்றிப்போனது.

அதற்கு அப்புறம் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸ் விசாரித்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சும்னே, சும்மா எதுக்கும்மா அளந்தீங்க? கையால பீய்ச்சினா வர்றது வேற, கொழந்த இழுக்கறது வேற. சாயங்காலம் அடிக்கடி கேக்கறது பால் இல்லாம இல்ல. நாளைக்கு இன்னும் ஜாஸ்தி வேணும்னு ஆர்டர் போடுது. நீங்க டின்னக் குடுத்துட்டா ஆர்டர் எங்க போகும்? ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா, எடை ஏறுதா, அத மட்டும் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "விடு, பையன் நல்லாத்தான இருக்கான்," என்றார். நன்றாகத்தான் இருந்தான். நான்தான் நன்றாக இல்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் நாத்தனார், "நான் அளந்து பாக்கலன்னா புள்ள பட்டினியா கெடந்திருப்பான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுத்தேன்.

இரண்டாவதாகப் பெண் பிறந்தாள். இந்தத் தடவையும் புகுந்த வீட்டில்தான் இருந்தேன். மூன்றாவது வாரம், சரியாக ஆறு மணிக்கு அவளும் ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வா தாயே, உனக்காகத்தான் காத்திருந்தேன் என்று தூக்கிக்கொண்டு நேராக ஹாலுக்குப் போய், ஃபேனுக்கு அடியில் கிடந்த மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது அவர் நியூஸ் பார்க்கும் நேரம்.

"ரூமுக்குப் போய்க் குடுக்கக் கூடாதா?" என்றார் மாமியார்.

"ரூம்ல காத்து வரல அத்தை."

மாமனார் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். டிவியை நிறுத்தச் சொன்னேன், டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். சத்தமும் வெளிச்சமும் குறைந்தால் குழந்தைக்குப் பாதி சிணுங்கல் அடங்கிவிடும். ஒரு பக்கம் சொக்கினால் மறு பக்கம் மாற்றுவேன். தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பேன். அதற்கும் அழுதால் சால்வைக்குள் வெறும் மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலுக்குள்ளேயே நடப்பேன். பிறகு மறுபடி நாற்காலி. தண்ணீர் கேட்பேன், கஞ்சி கேட்பேன், தலையணை கேட்பேன். மூன்றரை மணி நேரம் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதுகு விட்டுப்போனது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

குழந்தை ஒண்ணுக்குப் போய் நனைத்த துணிகளைத் துவைத்து வாசல் கொடியில்தான் காயப் போட்டேன். பின்பக்கம் இடம் இல்லாமல் இல்லை. நாத்தனார் வீட்டுக்குள் வரவேண்டுமென்றால் அத்தனை துணிக்கும் கீழே குனிந்துதான் வரவேண்டும். எடை பார்த்த அன்றெல்லாம் மெஷினில் தெரிந்த எண்ணை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். அவர் மட்டும் எதுவும் போடவில்லை.

ஒரு நாள் அந்தக் கோப்பையோடு வந்தார்.

"எதுக்கும் ஒரு தடவ அளந்துடலாமா?"

"குடுங்க அண்ணி," என்று வாங்கி, மாமனாரின் இருமல் மருந்தை அதில் அளந்து ஊற்றி நாத்தனார் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "மாமாவுக்குக் குடுத்துடுங்க."

நாத்தனார் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அப்போது அடுத்தடுத்த டின்களைத் தானே தூக்கிவந்து, பாட்டிலைக் கொதிக்கவைத்துக் கழுவியவர். இப்போதும் நான் ஹாலில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று ராத்திரிச் சாப்பாட்டைச் செய்தவர் அவர்தான். என் கோபத்துக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது. இருந்தாலும் என் பாலை மாமனாருக்கு முன்னால் தூக்கிக் காட்டியதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆறாவது வாரம் ஒரு சாயங்காலம். குழந்தை குடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தரையில் விளையாடிக்கொண்டிருந்த பையன் நாற்காலிக் கையைப் பிடித்து எட்டிப் பார்த்தான்.

"அம்மா, நானும் இப்படித்தான் குடிச்சனா?"

ஐந்து வருஷமாக இதற்கு ஆயிரம் பதில் வைத்திருந்தேன்.

"உங்க அத்தையக் கேளு," என்றேன்.

அவன் அவரிடம் போய்ப் புடவையைப் பிடித்து இழுத்தான். நாத்தனார் என்னைப் பார்த்தார். அப்புறம் மெல்லத் தரையில் உட்கார்ந்து அவனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"குடிச்சேடா கண்ணு. நல்லாத்தான் குடிச்சே. நான்தான் நிறுத்திட்டேன்."

"ஏன் அத்தை?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி என் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை சொல்லி நான் அவரை விடுவித்திருக்கலாம். குழந்தையை அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.