சன்னலை மூடிய வலை

அக்கா வீட்டுப் பின்னறைச் சுவரில் கறுப்பு படர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? அந்த அறையில்தான் தூங்கினாள். விடியும்போது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்ததும் அங்கேதான். ஆனால் கோட்டைக்குப்பத்தில் சுவர் வெளுத்தாலும் கறுத்தாலும் ஒரே பெயர்தான், உப்பு.

"உப்பு இல்லக்கா, பூஞ்சை. விஷம்" என்றேன். அப்போது பொன்னேரிக் கல்லூரியில் நுண்ணுயிரியல் இரண்டாம் வருஷம். எனக்குத் தெரியாதது எது!

அறைக்கு ஒரே சன்னல். அதன் குறுக்கே அக்கா புருஷனின் மீன் வலை தொங்கியது. வலையைப் பெண்கள் தாண்டக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். தரையில் போட்டால் யாராவது தாண்டிவிடுவார்கள் என்று மாமா அதைச் சன்னல் கம்பியில் மாட்டிவிடுவார். ஐப்பசி மழையில் வலையும் காயாது, சன்னலும் திறக்காது.

"வலைய வெளிய மாட்டு மாமா."

"எலி கடிச்சா உன் புக்கு வந்து பின்னித் தருமா? சுவர்தான் காரணம்னு முதல்ல நிரூபி, டாக்டரம்மா."

ஆஸ்பத்திரி டாக்டர் இழுப்புக்கு இன்ஹேலர் கொடுத்தார். சுவரைப் பற்றிக் கேட்டதற்கு, "ஈரமான வீடு ஆகாதுதான். ஆனா இந்தச் சுவராலதான்னு எழுதித் தர முடியாதும்மா" என்றார். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் போனைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தேன். கறுப்புப் பூஞ்சையின் விஷம் நுரையீரலைக் கெடுக்கும் என்றது ஒரு கட்டுரை. காற்று வழியாக அவ்வளவு விஷம் போகும் என்பதற்குச் சான்று போதாது என்றது அடுத்தது. ஈரமும் இழுப்பும் சேர்ந்தே வருமாம், ஈரத்தில் எது குற்றவாளி என்பதில்தான் சண்டையாம். இரண்டாவது கட்டுரையைப் பற்றி மாமாவிடம் மூச்சு விடவில்லை.

ஆய்வகத்தில் கெஞ்சி, பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் கண்ணாடித் தட்டுகள் நான்கு வாங்கினேன். இரண்டை அக்கா அறைக் காற்றில் கொஞ்ச நேரம் திறந்து வைத்து மூடினேன். மற்ற இரண்டை, இழுப்பே இல்லாத எங்கள் நைனா வீட்டில். ஐந்தாம் நாள் நான்கிலும் பூஞ்சை பூத்திருந்தது. எங்கள் வீட்டுத் தட்டில்தான் அதிகம்.

"இன்னா டாக்டரம்மா, உங்க நைனாவுக்கும் இழுக்குதா?"

விடுவேனா? அக்காவை ஒரு வாரம் எங்கள் வீட்டில் படுக்கவைத்தேன். நன்றாகத் தூங்கினாள். குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"அங்க அவளுக்கு விறகு அடுப்பு இல்ல, இறால் உரிக்கிற வேல இல்ல. எதனால குறைஞ்சுதுனு எப்படி சொல்வ?" என்றார் மாமா. "ஏரில பாடுனு ஆளுக்கு ஆள் முறை போட்டு இடத்த மாத்தி மாத்தி வல கட்டறோமே. ஒருத்தனே ஒரே இடத்துல நின்னா, மீன் வந்தது கைராசியா, இடத்து ராசியானு தெரியுமா?"

எங்கள் பேராசிரியர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை மனுஷன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அங்கேயே நோட்டைப் பிரித்தேன். ஒரு வாரம் வலை உள்ளே, ஒரு வாரம் வெளியே. அதே கட்டில், அதே அடுப்பு. பாடு என்றதும் மாமாவும் ஒத்துக்கொண்டார். எது முதல் என்று சீட்டுக் குலுக்கினோம்.

"வலை உள்ள" என்று வந்தது.

வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் நிரூபிச்சு முடிக்கிறவரைக்கும் நான் மூச்சு விடாம இருக்கட்டா?"

சன்னலிலிருந்து வலையை இழுத்தாள். பாதி தோளில், பாதி தரையில். நிலைப்படியில் மாட்டிக்கொண்டு மொத்தமும் சரிந்து விழுந்தது. ஒரு நொடி நின்றாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அதைத் தாண்டி வெளியே போனாள்.

மாமா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் குனிந்து வலையின் மறுமுனையைத் தூக்கினார்.

துருப்பிடித்த தாழ்ப்பாளைக் கல்லால் தட்டிச் சன்னலைத் திறந்தோம். அக்காவுக்கு இழுப்பு குறைந்தது, முழுக்கப் போகவில்லை. அந்த வாரமே மழையும் விட்டுவிட்டது. இன்ஹேலரையும் அப்போதுதான் ஒழுங்காக எடுக்க ஆரம்பித்திருந்தாள். எதனால் குறைந்தது என்று கேட்டால் இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

வெளியே கூரையடியில், எலி ஏறாதபடி தகரம் சுற்றிய கம்பில்தான் இப்போது வலை தொங்குகிறது. சுவரைக் காட்டினால் மாமா இன்னும் உப்பு என்றுதான் சொல்கிறார். அந்த நோட்டில், குலுக்கி எடுத்த "வலை உள்ள" சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது. மற்ற பக்கங்கள் வெறுமை.